அதிகம் அறியப்படாத அரிய மலைப்பாம்பு இனம் எது?

என் பதில்: ஓயன்பெல்லி மலைப்பாம்பு. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், ஆர்னெம் லேண்ட் மேற்குப் பகுதியின் மணற்பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்கிறது. ககாடு தேசியப் பூங்காவின் ஒரு பகுதியும் அதில் அடக்கம்.

அறிவியல் உலகம் இதற்கு முறைப்படி பெயர் சூட்டியது 1977இல்தான். 4 மீட்டரைத் தாண்டி வளரக்கூடிய ஒரு பாம்பு அவ்வளவு காலம் பதிவாகாமல் இருந்தது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளான குன்விஞ்கு மக்கள் 'நவரான்' என்ற பெயரில் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். முதலில் கண்டறிந்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்கே உரியது.

நீளத்துக்குப் பொருந்தாத மெல்லிய உடல். இதைவிட அழகு, நிறம் மாறுவது: பகலில் பழுப்பாக இருக்கும் தோல், இரவில் வெளிறிச் சாம்பல் வெள்ளியாகிவிடும். பகலில் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் ஒதுங்கும், இரவில் இரை தேடும். போசம் (மரமேறும் பைப் பாலூட்டி), பாறை வாலபி (சிறிய கங்காரு வகை), பறவை, வௌவால் எல்லாம் உணவு. ஆஸ்திரேலிய மலைப்பாம்புகளிலேயே மிகப் பெரிய முட்டைகளை இடுவதும் இதுதான்.

வாழிடம் குறுகியது, அடிக்கடி பரவும் காட்டுத்தீயும், இரையாகும் சிறு பாலூட்டிகள் குறைந்துவருவதும் இதற்குப் பெரும் அச்சுறுத்தல்கள்.