கொலையாளிகள் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டால் பதற்றம் எங்கிருந்து வருகிறது?

வணக்கம். உண்மைக் கொலை வழக்கு ஒன்றைச் சொல்லும் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' நூலைப் பற்றிய கட்டுரையில், கொலையாளிகளை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டதால் பதற்றம் போய்விடுகிறது என்று எழுதத் தொடங்கி, மேலே நகராமல் நிற்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். 'யார்' என்பதைக் கொடுத்துவிட்டு, 'எப்படி, ஏன்' என்பதைத்தான் அவர் பூட்டி வைக்கிறார். 1959 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹோல்காம் ஊரின் ஒரு பண்ணை வீட்டில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அறைகளுக்குள் நடந்தது, மூன்றாம் பகுதியில் கொலையாளிகளில் ஒருவரான பெர்ரி ஸ்மித் போலீஸ் காரில் வாய் திறக்கும்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

முதல் பகுதியில் ஓர் இடத்தை மெதுவாகப் படியுங்கள். தன் கடைசி நாள் பிற்பகலில், கொல்லப்படப்போகும் குடும்பத்தின் தலைவர் ஹெர்ப் கிளட்டர் 40,000 டாலர் ஆயுள் காப்பீடு எடுக்கிறார். தவணையைக் காசோலையாகத் தருகிறார். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளாத மனிதர் அவர் என்பது ஊருக்கே தெரியும். அதே நேரத்தில், அந்த வீட்டில் பணப் பெட்டகம் இருப்பதாக நம்பி கொலையாளிகள் இருவரும் கன்சாஸைக் குறுக்காகக் கடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். பெட்டகமே இல்லை என்பதை அந்தக் காசோலை நமக்கு முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. என்னை உலுக்கிய இடம் இதுதான். உங்கள் கட்டுரையின் மையமாக இதை வையுங்கள்.

உண்மைத்தன்மை பற்றியும் ஒரு பத்தி அவசியம். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் இறுதிக் காட்சி கபோட்டியின் கற்பனை. கொலையாளிகள் தூக்கிலிடப்பட்ட 1965க்குப் பிறகு, ஆறுதலான ஒரு முடிவு அவருக்குத் தேவைப்பட்டது என்பது என் கருத்து. எல்லாம் உண்மை என்று உரிமை கோரிய நூலில் அதை என்னால் ஏற்க முடியவில்லை.