கடலை உருண்டையை வாசலில் கொடுக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகையன்று வேடம் போட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மகள் பை பையாக மிட்டாய் வாங்கி அடுக்கியிருக்கிறாள். "எதற்கு இந்தச் செலவு? நான் கடலை உருண்டை பிடித்துத் தருகிறேன்" என்றேன். "வேண்டாம்மா, குப்பையில்தான் போடுவார்கள்" என்கிறாள். வீட்டுப் பலகாரம் அவ்வளவு மட்டமா? பேரன் வீடு வீடாகப் போய் வாங்கிவருவதை நம்பிச் சாப்பிடக் கொடுக்கலாமா? நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் உங்கள் பலகாரத்தில் ஒரு குறையும் இல்லை. எண்பது, தொண்ணூறு வருடம் முன்னால் என்றால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டிருப்பார்கள்.

வேடம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டும் வழக்கம் அமெரிக்காவில் 1930களில் பரவியது. அப்போது அவர்களுக்குக் கிடைத்தது ஆப்பிள், கொட்டைகள், சில்லறைக் காசு, வீட்டில் சுட்ட குக்கீஸ், பாப்கார்ன் உருண்டை. பாப்கார்னைப் பாகில் புரட்டிப் பிடிக்கும் அந்த உருண்டை, நம் கார்த்திகைப் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து, 1947இல்தான் நீங்கியது. அதன் பிறகு மிட்டாய் கம்பெனிகள் இந்தப் பண்டிகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வேலை மிச்சம் என்று வீட்டுக்காரர்களும் பாக்கெட்டுக்கு மாறினார்கள்.

வீட்டுப் பண்டத்தை அடியோடு விரட்டியது பயம். "ஆப்பிளில் பிளேடு", "மிட்டாயில் விஷம்" என்று 1970களில் வதந்திகள் பறந்தன. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தது உண்மை. கொடுத்தது முகம் தெரியாத ஆள் அல்ல, காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுகளின் செய்திகளை அலசிப் பார்த்தார். வீடு வீடாக வாங்கிய பண்டத்தில் அந்நியர் எவரோ விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் பேரன் பையைப் பார்த்துப் பதற வேண்டாம். உறை பிரிந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வேறு சோதனை. வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் சோள மணி போல ஒன்று இருக்கும், கேண்டி கார்ன். 1880களில் பிறந்தது, ஒரு காலத்தில் 'கோழித் தீனி' என்ற பெயரில் பெட்டியில் விற்றார்கள். அதை உயிராக நினைப்பவர்களும் உண்டு, மெழுகுவர்த்தியைத் தின்பது போல இருக்கிறது என்பவர்களும் உண்டு. (என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு.) பெரும்பாலும் அதில் ஜெலட்டின் இருக்கும், அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பளபளப்புக்கு, பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கைப் பூசுவதும் உண்டு. ரப்பர் மாதிரி இழுபடும் கம்மி வகைகள், மார்ஷ்மெல்லோ, இவற்றிலும் ஜெலட்டின்தான் வழக்கம். ஸ்னிக்கர்ஸில் முட்டை வெள்ளை சேர்க்கிறார்கள், பலருக்கு இது தெரியாது. கிட்கேட், ஹெர்ஷி பால் சாக்லேட் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் உறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளை என்றால் ரீஸஸ் கப். ஹெர்ஷி பால் பண்ணையில் வேலை பார்த்த ஹெச்.பி. ரீஸ் 1928இல் கொண்டுவந்தது. சாக்லேட்டுக்கு உள்ளே இருப்பது என்ன? உங்கள் வேர்க்கடலைதான்! ஆனால் அதன் உறையில் 'கடலை' என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் உருண்டையில் அப்படி எதுவும் எழுதியிருக்காது, கடலை ஒவ்வாத குழந்தைக்கு ஒரு கடி போதும், உயிருக்கே ஆபத்து. சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் பார்ப்பீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே பொம்மை, பென்சில் மாதிரி தின்னாத பரிசும் உண்டு என்பதற்கு அடையாளம் அது.

அதற்காகக் கடலையையும் வெல்லத்தையும் ஓரம் கட்ட வேண்டாம். தீபாவளியும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். 2024இல் இரண்டும் ஒரே நாள். வாசலுக்கு வரும் முகமூடிகளுக்கு மகள் வாங்கிய பாக்கெட்டைக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிய பக்கத்து வீடுகளுக்கு, பெரியவர்கள் கையில், தீபாவளிப் பலகாரமாக உருண்டையைக் கொடுங்கள். என்ன போட்டுச் செய்தது என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதித்தரப் பேரனிடம் சொல்லுங்கள். கடலை, முந்திரி ஆகாதவர் யாராவது இருக்கிறார்களா என்று முன்கூட்டியே மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்த வீட்டுக்கு ரவா லட்டு, முந்திரி போடாமல்.