பலா மரத்தடியில் ஒரு ஈர மூலை: தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கு வடக்கே, பலா மரத்தடியில் அரை சென்ட் இடம் எப்போதும் சொதசொதவென்று கிடக்கிறது. கோரையும் காட்டுச்சேம்பும் மண்டிவிட்டன. இரண்டு முறை மம்பட்டியால் கொத்தி மிளகாயும் கத்தரியும் நட்டேன். செடி அழுகியது, கோரை இரட்டிப்பானது. என்ன செய்யலாம்?
– வாசகி, குலசேகரம்

பதில்: கோரை பெருகக் காரணமே அந்தக் கொத்துதான். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கும்; கோர்வை அறுபடாதவரை பல கிழங்குகள் உறங்கும். மம்பட்டி பட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். தோட்ட முள்கரண்டியால் மண்ணை நெகிழ்த்தி, கிழங்கோடு இழுத்தெடுங்கள். மறுபடி முளைப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடுங்க வேண்டும். மூன்று வாரம் விட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். மெல்லிய பாலித்தீன் விரிப்பு வீண். கோரை அதைக் குத்திக்கொண்டு வரும். ஒரு நல்ல சேதியும் உண்டு: கோரை அடர்நிழலில் தழைக்காது. அது செழிக்கும் இடத்தில் ஓரளவு வெயில் விழுகிறது என்று அர்த்தம். அங்கே இஞ்சி, மஞ்சள் வரும். காட்டுச்சேம்பு மட்டும் நிற்கும் இருட்டில் கச்சோலமோ (மருந்துக் கிழங்குச் செடி) வல்லாரையோ போதும். மிளகாயையும் கத்தரியையும் மறந்துவிடுங்கள்.

களையைவிட முக்கியம் தண்ணீர். கூரைத் தண்ணீர் அங்கே விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் குழாய் வைத்துத் திருப்புங்கள். மேட்டுப் பக்கம் ஒரு அடி ஆழத்தில் வடிகால் எடுத்துச் சரிவில் வடியவிடுங்கள். பிறகு 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி. பலாவின் தண்டை ஒட்டி மண் அணைக்காதீர்கள், தடித்த வேரை வெட்டாதீர்கள்.

நம் குமரி மாவட்டத்து மேற்குப் பகுதிச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். மார்ச்சில் பாத்திக்கு 150 கிராம் சுண்ணாம்புத் தூள் கலந்து இரண்டு வாரம் விடுங்கள். அதே நாளில் 9 கிலோ மக்கிய சாணம், 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 100 கிராம் டிரைக்கோடெர்மா (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சாணம்) தனியாகக் கலந்து நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடினால், பாத்தியும் கலவையும் ஒன்றாகத் தயாராகும். சுண்ணாம்பையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நாளில் பாத்தியில் போடக் கூடாது.

ஏப்ரல் கோடை மழையோடு 20–25 கிராம் இஞ்சித் துண்டுகளை 25 செ.மீ. இடைவெளியில், 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள், ஒரு கிலோ விதை போதும். மேலே 3 கிலோ பச்சைத்தழை. 45, 90ஆம் நாட்களில் மறுபடியும். ஜூன் மழையில் இலை மஞ்சளாகித் தண்டு அடியில் கொழகொழத்தால் கிழங்கழுகல்: அந்தத் தூரை மண்ணோடு அகற்றி, வடிகாலை ஆழப்படுத்துங்கள்.

கேள்வி: ஈர மண்ணில் தென்னைநார்க் கழிவு போடலாமா? இலவசமாகக் கிடைக்கிறது.
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: வேண்டாம். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. மணற்பாங்கான மண்ணுக்கு வரம், உங்களுக்கு வம்பு. உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவு என்றால் உப்பும் சேர்ந்து வரும்.