பாடசாலைக்குப் பெயரில்லாத மிரட்டல் கடிதம் வந்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

மகளின் பாடசாலைக்கு யாரோ மிரட்டல் கடிதம் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை அவளை அனுப்புவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதிபரை நேரில் பாருங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிவாகிவிட்டதா, கட்டடங்களைச் சோதித்தார்களா, பாடநேரத்தில் ஏதாவது என்றால் பிள்ளைகளை எங்கே கூட்டி வைப்பார்கள், யார் கையில் ஒப்படைப்பார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் அனுப்புங்கள். மழுப்பினால் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முறைப்பாடே செய்யவில்லை என்றால் நீங்களே 119க்கு அழையுங்கள். பெயரை மறைத்து மிரட்டுவது நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். யாரோ விளையாட்டுக்குச் செய்தது என்று லாச்சியில் போட்டுப் பூட்டுகிற விடயம் அல்ல.

எங்களிடம் அதுதான் நடந்தது. ஒரு புதன்கிழமை காலை, அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள் ஒன்று அலுவலகக் கதவின் கீழே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பலர் சாவார்கள் என்று எழுதியிருந்தது. ஏழெட்டுப் பேர் கைமாற்றி வாசித்தோம். நானும் வாசித்தேன். கைரேகை என்ற ஒன்று இருப்பது அப்போது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஒருவர் மட்டும் ஓரத்தைப் பிடித்து எடுத்து உறையில் போட்டு வைக்க வேண்டும். வட்ஸ்அப்பில் வந்ததென்றால் அழிக்காமல், எண்ணும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துப் பொலிஸுக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் பதறிவிடுவார்கள் என்று அதிபர் செய்தியை மறைத்தார். நல்லெண்ணம்தான். ஆனால் இடைவேளைக்குள் தரம் 6 பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தாய்மாரின் காதை எட்டியபோது அது வெறும் கடிதமாக இல்லை. பாடசாலையில் குண்டு என்றாகியிருந்தது. இடுப்பில் கட்டிய படங்கோடு, கூடையைக்கூட இறக்காமல், தேயிலைச் செடிகளுக்கு ஊடாக ஓடி வந்தார்கள். கொழுந்தின் நிறை குறைந்ததால் அன்று பலருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. வாசலில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடிந்ததிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு ஏன் டீச்சர் சொல்லவில்லை?" என்னிடம் பதில் இல்லை.

பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம். அது அதைவிடப் பெரிய பிழை. நண்பகலில் எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஆள் இருக்கும்? தாய் மலையில், தகப்பன் கொழும்பில். தாய் ஓடி வராத பிள்ளைகள் மூடுபனிக்குள் மூன்று கிலோமீற்றர் நடந்தார்கள். தரம் 3 படிக்கும் பிள்ளையும் அவள் தங்கையும் பூட்டிய கதவின் முன்னால் மாலை வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறோம். அப்படி ஒரு நிலை வந்தால் பிள்ளைகள் மாரியம்மன் கோயில் முன்றலில் ஒன்றாக இருப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பெயர் சொல்லி அழைத்துப் போக வேண்டும். என்ன நடந்தது என்பதை அதிபரே கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார். உங்கள் பாடசாலையிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பொலிஸார் வந்து வாக்குமூலங்களைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் ஆட்சிமொழி. வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இவ்வளவையும் விட எனக்கு முக்கியமானது வேறொன்று. வியாழக்கிழமைக்குள் எல்லோர் வாயிலும் ஒரு பெயர் இருந்தது. தரம் 10 மாணவன். முந்திய வாரம் ஓர் ஆசிரியரை எதிர்த்துப் பேசியவன். அவனுடைய விடைத்தாள்களைக் கடிதத்தோடு ஒட்டி வைத்து, 'ழ'வின் சுழி ஒன்றுபோல இருக்கிறதா என்று ஓய்வறையில் பார்த்தார்கள். வகுப்பின் நடுவில் எழுப்பி விசாரித்தார்கள். பொலிஸ் அவனிடம் ஒன்றும் காணவில்லை. வெள்ளிக்கிழமையும் எதுவும் நடக்காமல் கழிந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது.

இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே 6ஆம் திகதி தரம் 6உம் அதற்கு மேற்பட்ட வகுப்புகளும் திறந்தன. பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்று பைகளைச் சோதித்தார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் முஸ்லிம் பிள்ளைகளின் பைகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் பிடித்தது. சில நாட்களில் அந்தப் பிள்ளைகள் யாரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்படியிருந்தும் அந்தப் பையன் வகுப்பில் தனியாக எழுந்து நின்றபோது வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. இரண்டு தடவை லயத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். "எல்லோரும் என் எழுத்தையே பார்க்கிறார்கள் டீச்சர்" என்றான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு ஊர் வந்தபோது, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அனுப்பினானா தெரியவில்லை.

அதனால் அதிபரிடம் இதையும் கேளுங்கள்: ஒரு பிள்ளையின் மேல் சந்தேகம் வந்தால் யார் விசாரிப்பார்கள்? பெற்றோரில் ஒருவரை அருகில் வைத்து, தனியறையில், ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரோடுதான் பேச வேண்டும். மீறினால் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர்களுக்கான உதவி இலக்கம். இன்றிரவு மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்களுக்கு எட்டாத செய்தி பிள்ளைகளிடம் இருக்கும். அவள் ஒரு பெயரைச் சொன்னால் காலையில் அதிபரிடம் போய்த் தனியாகச் சொல்லுங்கள். பெற்றோர் வட்ஸ்அப் குழுவிலோ பக்கத்து வீட்டிலோ அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம்.