எங்கள் நாய் ஒன்றும் செய்யாது – கடிதம்

வணக்கம்.

எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண் நாய் இருக்கிறது. நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது பெரிய நாய் ஒன்று குதறிப் போட்டிருந்த நிலையில் தெருவிலிருந்து எடுத்து வந்தோம். மனிதர்களிடம் பாசத்தைக் கொட்டுவாள். வேறு நாய் அருகில் வந்தால் மட்டும் உறுமுவாள். அதனால் காலை ஐந்தரை மணிக்கே, ஆளில்லாத தெருவாகப் பார்த்து அழைத்துப் போகிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் தன்னுடைய கோல்டன் ரெட்ரீவரைக் கயிறில்லாமல் விட்டுவிட்டு, கைப்பேசியில் பேசியபடி பின்னால் வருகிறார். அது எங்களை நோக்கிப் பாய்ந்து வரும். “பயப்படாதீர்கள், எங்கள் நாய் ஒன்றும் செய்யாது” என்பார். சென்ற வாரம் என்னுடையவள் பல்லைக் காட்டிவிட்டாள். “பழக்கத் தெரியாதவர்கள் எதற்குத் தெருநாயை வளர்க்கிறீர்கள்? வாய்மூடி போடுங்கள்” என்று நாலு பேர் முன்னால் சொன்னார். வயதில் பெரியவர், நான் பதில் பேசவில்லை. தவறு எங்கள் மேலா? நடக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் வழியா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

தவறு உங்கள் மேல் இல்லை. நேரத்தையும் மாற்ற வேண்டாம்.

அவருடைய நாய் ஒன்றும் செய்யாது என்பதை நான் நம்புகிறேன். அவர் யோசிக்காதது உங்கள் நாயைப் பற்றி. பயந்த நாய்க்கு இரண்டு வழிகள் உண்டு: ஓடிவிடலாம், அல்லது எதிரே வருவதை விரட்டலாம். கயிற்றில் இருக்கும் நாயால் ஓட முடியாது. மிச்சமிருப்பது விரட்டுவதுதான். அவள் உறுமியதும் பல்லைக் காட்டியதும் “அருகில் வராதே” என்ற எச்சரிக்கை. கடிக்காமல் எச்சரித்தாளே, அது நல்ல குணம். தயவுசெய்து அதற்காக அவளை அதட்டாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும்.

நீங்கள் நடக்கும் அதே அதிகாலையில் நம் ஊர்த் தெருநாய்களைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்துத் தெரு நாய் ஒன்று வந்தால் எடுத்த எடுப்பில் நேராக ஓடாது. தூரத்திலேயே நிற்கும். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பும். தரையை முகரும். பிறகு வளைந்து, பக்கவாட்டில் வரும். நாய்கள் சண்டையைத் தவிர்க்கக் காட்டும் இத்தகைய சைகைகளை நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அடுக்குமாடி வீட்டில் தனியாக வளரும் பல நாய்களுக்கு இதைப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. முகத்துக்கு நேர் முகமாகப் பாய்ந்து வருவதை அந்த ரெட்ரீவர் அன்பு என்று நினைக்கிறது. உங்களுடையவளுக்கு அது தாக்குதல். நீங்களும் பதற்றத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். கயிறு இறுகினால் அவளுடைய பயமும் கூடும்.

ஆகவே இதில் வழிவிட வேண்டியவர் யார் என்று கேட்டால், சாதுவான நாயை வைத்திருப்பவர்தான் என்பேன். கயிற்றைப் பூட்டிக்கொண்டு ஒதுங்கிப் போவதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. உங்களுக்கோ ஒரு மோசமான காலைப்பொழுது பல மாதப் பயிற்சியைக் கெடுத்துவிடும். எதிரே வரும் நாய்க்கு நேற்றுத்தான் தையல் போட்டிருக்கலாம், இடுப்பில் மூட்டுவலி இருக்கலாம், தடுப்பூசிகள் முடியாத குட்டியாக இருக்கலாம். நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடியது. குட்டிக்கு அது உயிராபத்து. இதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால்தான் இருபதடி தள்ளி நின்று “பழகவிடலாமா?” என்று கேட்க வேண்டும். “வேண்டாம்” என்று பதில் வந்தால் காரணம் கேட்காமல் நகர வேண்டும். இழுக்க இழுக்க நீளும் கயிறு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பதினைந்தடி நீண்ட கயிற்றின் முனையில் இருக்கும் நாய் யார் பிடியிலும் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். தன் வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் இன நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பிறகு, கயிறு பற்றி மாநகராட்சி எவ்வளவோ சொல்லிவிட்டது. ஆனாலும் அண்டை வீட்டாரிடம் சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஒரு மாலை, நாயில்லாமல் போய்ப் பாருங்கள். “சார், என் நாய்க்கு மற்ற நாய்களைக் கண்டால் பயம். எங்களைப் பார்த்ததும் உங்கள் நாய்க்குக் கயிறு போட்டுவிடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். தெருநாய், பழக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சுக்குள் போகவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் எத்தனையோ வீடுகளில் நாயை நடத்திக் கூட்டி வருபவர் டிரைவரோ, காவலாளியோ, வீட்டு வேலை செய்யும் அம்மாவோதான். அவர்களிடம் நாய் உரிமையாளர்கள் பேசும் தோரணை எனக்குத் தாங்கவில்லை. தன் நாயை ஓடவிட்டவர், கயிற்றோடு ஒழுங்காக நடக்கும் அந்த அம்மாவைப் பார்த்து “நாயை இழுத்துப் பிடி” என்று ஒருமையில் கத்துகிறார். வேலை போய்விடுமோ என்று அவர் வாய் திறப்பதில்லை. வேலைக்கு வைத்திருப்பவர்கள் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: “யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்களுக்காக நான் பேசுகிறேன்.”

வாய்மூடியைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்ன விதம் தவறு. அதற்காக வாய்மூடியையே வெறுக்க வேண்டாம். கூடை போன்ற வகையை வாங்கி, உள்ளே கோழித் துண்டுகளைப் போட்டு மெல்லப் பழக்கினால் அவளே மூக்கை நீட்டுவாள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை மட்டும் கூடாது. மூச்சிரைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சென்னை வெயிலில் அதைத் தடுப்பது ஆபத்து.

அந்த நாய் மறுபடி ஓடி வந்தால், நிற்கும் கார் ஒன்றின் மறுபுறம் போய்விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனாலே பாதி வேகம் குறையும். ஒரு கைப்பிடி பிஸ்கெட்டை வரும் நாயின் முன்னால் சிதறவிடுங்கள். சண்டையே மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது இரு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு தொலைபேசி எண்ணையும் தடுப்பூசி விவரத்தையும் பரிமாறிக்கொள்ளுங்கள். கயிறில்லாமல் வந்த நாயின் உரிமையாளர் மருத்துவச் செலவை ஏற்பதுதான் முறை. உங்கள் கையில் பல் பட்டிருந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அவர் காட்டும் தடுப்பூசி அட்டையை நம்பி மறுநாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்