வருமான வரி ரிட்டர்ன்: ஒரே வீட்டில் மூன்று பேர், எந்த மென்பொருள்?

கேள்வி: மதுரை ஆனையூரில் இருக்கிறோம். நான் கப்பலூர் சிட்கோவில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் பங்குச் சந்தை ஒப்பந்தங்கள்) வர்த்தகத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. அவருக்குத் தேர்வுநிலை அரியர் வந்தது. பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டிலிருந்தும் கொஞ்சம் பணம் எடுத்தார். அப்பாவுக்கு 76 வயது, போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். பென்ஷன், அஞ்சலக வட்டி, சோழவந்தானில் தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் உண்டு. இதுவரை மூவருக்கும் ஒரு ஏஜெண்ட்தான் ரிட்டர்ன் போட்டார். இனி நாங்களே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். இலவசம், கட்டணம் என்று ஏகப்பட்ட ஆப்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: மூவருக்கும் ஒரே மென்பொருள் என்று தேட வேண்டாம். உங்கள் மனைவிக்கும் அப்பாவுக்கும் வருமான வரித்துறையின் சொந்த இணையதளமே போதும், பத்துப் பைசா செலவில்லை. உங்களுக்குத்தான் காசு கொடுத்து மென்பொருள் வாங்கலாமா என்ற கேள்வியே வருகிறது. காரணத்தை ஒவ்வொருவராகப் பார்ப்போம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

ஏஜெண்ட் மூலம் ரிட்டர்ன் போட்டு வந்த பலருடைய கணக்கைத் திறந்து பார்த்தால், மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் ஏஜெண்டுடையதாகவே இருக்கும். ஓடிபிக்காக ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அவர் தன் எண்ணைக் கொடுத்திருப்பார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆனால் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அவருடைய இன்பாக்ஸில்தான் விழும். பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்த பிறகு, ரீஃபண்ட் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். அதனால் முதலில் மூன்று பான் எண்ணுக்கும் தனித்தனியாக உள்ளே போய் மொபைல், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு மூன்றையும் சரிபார்த்து, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். உள்ளே நுழையவே ஆதார் ஓடிபி வேண்டும் என்று பூட்டுப் போடும் வசதியும் அங்கேயே இருக்கிறது. உங்கள் சார்பில் ரிட்டர்ன் போடத் துறையிடம் பதிவு பெற்ற இடைத்தரகர் யாராவது உங்கள் கணக்கில் இணைக்கப்பட்டிருந்தால், அவரையும் நீக்கிவிடலாம்.

உள்ளே போன கையோடு ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் உங்களிடம் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். வங்கி, அஞ்சலகம், ஃபண்ட் நிறுவனம், பங்குத் தரகர் எல்லோரும் உங்களைப் பற்றித் துறைக்குச் சொன்னது ஏஐஎஸ்ஸில் இருக்கும். எந்தப் படிவம் என்பது இதைப் பார்த்த பிறகுதான் தெரியும். எந்த மென்பொருள் என்பது படிவம் தெரிந்த பிறகுதான் தெரியும். நடைமுறையில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து ஆப்பை இறக்கிவிட்டு, பாதியில் அது ‘உங்கள் வருமானத்துக்கு மேல்நிலைத் திட்டம் தேவை’ என்று கேட்டதும் விழிக்கிறார்கள்.

சரி, மனைவிக்கு வருவோம். சம்பளம், வங்கி வட்டி, ஃபண்ட் லாபம். பங்கு சார்ந்த ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து எடுத்து, லாபம் மொத்தம் 1,25,000 ரூபாய்க்குள் இருந்தால், மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டாத வரை ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்திலேயே காட்டலாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து) கிடைத்த சலுகை இது. அதற்கு முன் பத்து ரூபாய் லாபம் வந்தாலும் ஐடிஆர்-2 தான். ஒரு வருடத்துக்குள் எடுத்த யூனிட் ஏதாவது கலந்திருந்தால் மறுபடி ஐடிஆர்-2. ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டிலும் மூலதன ஆதாய அறிக்கையை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அவருக்கு உண்மையான சிக்கல் அரியர். பல வருடத்து நிலுவை ஒரே வருடத்தில் வந்ததால் வரி கூடினால், 89-ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. ஆனால் 10ஈ என்ற படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பாகவே துறையின் தளத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். வெளி ஆப்கள் பலவற்றில் நிவாரணத் தொகையை எழுத ஒரு கட்டம் இருக்கும். நீங்களும் எழுதுவீர்கள், வரி குறைந்துவிட்டதாக அது காட்டும். 10ஈ இல்லாமல் போனால், ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் பெங்களூரு மையம் அந்த நிவாரணத்தை வெட்டிவிட்டு, பாக்கி கட்டச் சொல்லும். எப்படியும் 10ஈ-க்காகத் துறையின் தளத்துக்குப் போகத்தான் வேண்டும் என்கிறபோது, ரிட்டர்னையும் அங்கேயே போட்டுவிடுவதுதான் நல்லது.

அப்பாவிடம் ‘75 வயது தாண்டியாச்சு, ரிட்டர்ன் வேண்டாம்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. பென்ஷனும் வட்டியும் துறை குறிப்பிட்ட ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானம் எதுவும் இல்லாமல், வங்கிக்கு உறுதிமொழி கொடுத்து, வங்கியே வரியைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தச் சலுகை. அஞ்சலக வட்டி வாங்குகிறவருக்கு அது பொருந்தாது.

தோப்பும் கொடிக்காலும் அவரை ஐடிஆர்-1 படிவத்திலிருந்து வெளியே தள்ளிவிடுகின்றன. விவசாய வருமானம் வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினாலே அந்தப் படிவம் கூடாது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதே என்று கேட்பீர்கள். கிடையாதுதான். ஆனால் மற்ற வருமானத்துக்கான வரியைக் கணக்கிடும்போது அதையும் கூட்டிப் பார்க்கும் முறை இருப்பதால் எழுதித்தான் ஆக வேண்டும். ஐடிஆர்-2 எடுத்து, விலக்கு பெற்ற வருமானம் என்ற அட்டவணையில் மொத்த வரவு, செலவு இரண்டையும் போடச் சொல்லுங்கள். நிகரம் 5 லட்சத்தைத் தாண்டினால் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று தனித்தனியாகக் கேட்கும். வெற்றிலைக் கமிஷன் கடைச் சீட்டுகள், தேங்காய் வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டுகளைக்கூடத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வைப்பது நல்லது.

விளம்பரத்தில் ‘மூன்றே நிமிடத்தில் ரிட்டர்ன்’ என்று சொல்லும் ஆப்கள் விவசாய வருமானத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகின்றன. அலுவலகம் தரும் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐ ஏற்றினால் மளமளவென்று நிரப்பிவிடும். தோப்பு இருக்கிறதா என்று கேட்காது, நீங்களும் சொல்ல மாட்டீர்கள். சம்பளம் மட்டும் வாங்கும் நகரவாசியை மனதில் வைத்துச் செய்தவை அவை. சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். எஃப் அண்ட் ஓ லாபமோ நஷ்டமோ, வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அது வியாபாரம். சம்பளம் வாங்குகிறவராக இருந்தாலும் நீங்கள் ஐடிஆர்-3 போட வேண்டும். அந்தப் படிவம் நீளமானது. இருப்புநிலை, லாப நட்டம் என்று பக்கம் பக்கமாகப் போகும். முறையாகக் கணக்குப் புத்தகம் வைக்காதவர்களுக்குச் சுருக்கமான பகுதி ஒன்று உண்டு. முதல்முறை அதைக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

டர்ன்ஓவர் என்ற கட்டத்தில்தான் நிறைய பேர் தடுமாறுவார்கள். ஒரு ஒப்பந்தத்தில் 40,000 லாபம், இன்னொன்றில் 90,000 நஷ்டம் என்றால் டர்ன்ஓவர் 1,30,000. லாபத்தையும் நஷ்டத்தையும் குறி பாராமல் கூட்ட வேண்டும். நிகர நஷ்டம் 50,000. இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் எட்டு வருடம் வரை சுமந்துபோய், பிற்பாடு வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். வருடம் முழுக்க நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் செய்திருந்தால் இதைக் கையால் கூட்டுவது தலைவலி. பங்குத் தரகர் கொடுக்கும் வரி அறிக்கையில் இந்தத் தொகை பெரும்பாலும் கூட்டியே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இங்கேதான் கட்டண மென்பொருளுக்கு ஓர் அர்த்தம் வருகிறது. குயிக்கோ, கிளியர்டாக்ஸ் போன்றவை பங்குத் தரகரின் விவரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, பங்கு, ஃபண்ட், எஃப் அண்ட் ஓ என்று பிரித்து உரிய அட்டவணையில் உட்கார வைக்கும். உங்கள் தரகரின் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருந்தால், சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை கொடுப்பது நியாயம்தான். பெயர் இல்லையென்றால் நீங்களே எக்செல்லில் தட்டி ஏற்ற வேண்டியிருக்கும். அப்புறம் எதற்குக் காசு?

வின்மேன், ஜென் ஐடி, கம்ப்யூடாக்ஸ் என்றெல்லாம் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை ஆடிட்டர் அலுவலகங்களுக்கானவை. நூறு கிளையண்டுகளுக்கு ரிட்டர்ன் போடுகிறவர் வருட உரிமம் வாங்குவார். மூன்று பேருக்காக நீங்கள் வாங்க வேண்டாம்.

இணைய இணைப்பு சரியில்லாத இடத்தில் இருப்பவர்களுக்குத் துறையே ஆஃப்லைன் மென்பொருளையும் எக்செல் கோப்பையும் இலவசமாகத் தருகிறது. உங்கள் விவரங்கள் முன்பே நிரம்பிய ஜேசன் கோப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டு, வீட்டில் ஆற அமர நிரப்பி, கடைசியில் ஏற்றினால் போதும். ஜூலை கடைசி வாரத்தில் தளம் திணறும்போது இந்த வழியின் அருமை தெரியும். எக்செல் கோப்புக்கு மைக்ரோசாஃப்ட் எக்செல்தான் வேண்டும். இலவச ஆஃபீஸ் மென்பொருட்களில் அது மக்கர் பண்ணும்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி: பணம் கட்டுமுன், போகப்போகும் படிவத்தை முழுதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கணக்கீட்டுத் தாளையும் ஜேசன் கோப்பையும் இறக்கித் தருகிறதா என்றும் பாருங்கள். வெறும் ‘உங்கள் ரீஃபண்ட் இவ்வளவு’ என்று ஒரு எண்ணை மட்டும் காட்டிவிட்டுப் பணம் கேட்பதை ஒதுக்கிவிடுங்கள். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் ஓடிபி மூலம் உங்கள் ஒப்புதலை வாங்கிக்கொண்டு வேலை செய்ய முடியும். உங்கள் பாஸ்வேர்டைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏஐஎஸ்ஸிலிருந்து தானாக நிரப்பும் வசதியை அப்படியே நம்பவும் வேண்டாம். பங்கு விற்பனை விவரங்களில் சில சமயம் வாங்கிய விலை பூஜ்யமாக இருக்கும். 2 லட்சத்துக்கு விற்ற பங்கை 1,60,000-க்கு வாங்கியிருந்தாலும், அந்த ஆப் மொத்த 2 லட்சத்தையும் லாபமாக எடுத்துக்கொள்ளும். அப்பா, அம்மா கூட்டாகப் போட்ட வைப்பு நிதியின் வட்டி முழுவதும் முதல் பெயருக்கே வந்திருக்கும். இந்த விவரங்களை நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

மென்பொருள் காட்டும் தொகையே சட்டம் என்று நினைக்கிறவர்களிடம் நான் 2024-ஐ நினைவுபடுத்துவேன். புதிய வரி முறையில் சிறு வருமானக்காரர்களுக்கு 87ஏ பிரிவில் ஒரு தள்ளுபடி உண்டு. அந்த வருடம் ஜூலை 5 வரை, பங்கு விற்ற குறுகிய கால லாபத்தின் மீதான வரிக்கும் துறையின் மென்பொருள் இந்தத் தள்ளுபடியைக் கொடுத்தது. அன்றைக்கு மென்பொருளை மாற்றிய பிறகு கொடுக்கவில்லை. சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், தாமத ரிட்டர்னுக்கான கெடு 2025 ஜனவரி 15 வரை தள்ளிப்போனது. 2025-26 நிதியாண்டிலிருந்து சட்டத்தையே தெளிவாக எழுதிவிட்டார்கள். ‘12 லட்சம் வரை வரியே இல்லை’ என்ற பேச்சு பங்கு லாபத்துக்குப் பொருந்தாது. குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. வியாபார வருமானம் இருப்பவர் பழைய வரி முறைக்குப் போக வேண்டும் என்றால், சம்பளக்காரரைப் போல ரிட்டர்னில் ஒரு டிக் அடித்தால் போதாது. 10-ஐஈஏ என்ற படிவத்தைக் கெடுவுக்குள் துறையின் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆப் இரண்டு முறையையும் ஒப்பிட்டு ‘பழையது லாபம்’ என்று காட்டிவிடும். இந்தப் படிவத்தைப் பற்றி மூச்சு விடாத ஆப்களும் உண்டு. என் அபிப்பிராயம், முதல் வருடம் மட்டும் உங்கள் ஐடிஆர்-3-ஐ ஒரு ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த வருடம் நீங்களே போடலாம்.

‘எங்க ஏஜெண்ட் போட்டா ரீஃபண்ட் நிறைய வரும்’ என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை என்று எழுதித்தான் அந்த ரீஃபண்ட் வருகிறது. 2025 ஜூலையில் இப்படிப்பட்ட கழிவுகளைத் தேடி நாடெங்கும் துறை சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அதில் இருந்தது. பழைய முறையில் கழிவு கேட்டால் இப்போது பாலிசி எண், கடன் கணக்கு எண் வரை கேட்கிறார்கள். பொய் விவரம் என்று முடிவானால் தவிர்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விழலாம். ஏஜெண்டுக்கு அல்ல, பான் வைத்திருப்பவருக்கு. பழைய ரிட்டர்ன்களையும் இறக்கி, அவர் உங்கள் பெயரில் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வந்துவிடும். ஏஐஎஸ்ஸும் அதற்குள் ஓரளவு நிரம்பியிருக்கும். ஜூன் கடைசி வாரத்தில் உட்காருவது சரியாக இருக்கும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடியுங்கள். முடிக்காவிட்டால் ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கில்லை. அப்பாவின் ஆதாரில் பழைய மொபைல் எண் இருந்தால் ஓடிபி வராது. அதை இப்போதே மாற்றிவிடுங்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால் பீ.பீ.குளத்தில் இருக்கும் வருமான வரி அலுவலகத்தின் சேவை மையத்தில் போய்க் கேட்கலாம். போகும்போது பான், ஆதார், ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டு மூன்றின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.