ஒரு பங்க் ராக் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டை இத்தனை வருடம் கழித்தும் விடாமல் கேட்பவர்கள் உண்டா? அப்படி அதில் என்ன இருக்கிறது?

உண்டு, நான் இருக்கிறேன். என்னுடையது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. நான்கே பாட்டு, மொத்தம் பத்து நிமிடம்தான். பதினேழு வயதில் முதலில் கேட்டேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் அலுக்கவில்லை.

அப்போது நான் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்ற நிலைமை. எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் விரல் எங்கே போகிறது என்றே தெரியாத வேகத்தில் வாசிப்பவர்கள், அது என் கைக்கு வராது என்று புரிந்துபோயிருந்தது. அந்த நேரத்தில் நண்பன் ஒருவன் கேசட்டில் பதிந்து கொடுத்தான். மூன்றாவது பாட்டு 'போர்டம்'. நடுவில் கிட்டார் சோலோ, அதாவது கிட்டாரின் தனி வாசிப்பு, வருகிறது. இரண்டே சுரம்! அந்த இரண்டையே மாற்றி மாற்றி, அபாயச் சங்கு மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறார் குழுவின் கிட்டார்காரர் பீட் ஷெல்லி. இப்போது மாறும், இதோ மாறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டே சலிப்பைப் பற்றியது. சலிப்பை இதைவிடச் சரியாக ஒரு கிட்டாரில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேசட்டைத் திருப்பிச் சுற்றி மறுபடி கேட்டேன், அப்புறம் கிட்டாரை எடுத்தேன். பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டேன். அதன் பிறகு கிட்டாரை விடும் பேச்சே எழவில்லை.

தட்டு உருவான கதை பிறகுதான் தெரிந்தது. குழுவின் பாடகர் ஹோவர்ட் டெவோட்டோவும் ஷெல்லியும் மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள போல்ட்டனில் கல்லூரி மாணவர்கள். லண்டனின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, நேரில் பார்க்கத் தெற்கே கிளம்பிப் போனார்கள். பார்த்த சூட்டோடு 1976 ஜூனில் அவர்களை மான்செஸ்டருக்கே வரவழைத்துக் கச்சேரியும் வைத்தார்கள். டிசம்பர் 28 அன்று ஸ்டுடியோவுக்குள் போய் நான்கு பாட்டையும் ஒரே நாளில் பதிந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் மேருக்கு அப்போது பதினாறு வயது. அதை மனதில் வைத்துக்கொண்டு முதல் பாட்டான 'பிரேக்டவுன்' கேட்டுப் பாருங்கள். செலவுக்கு 500 பவுண்டு கடன். கொடுத்தவர்களில் ஷெல்லியின் அப்பாவும் ஒருவர். ஆயிரம் பிரதிதான் முதலில் அடித்தார்கள், அதுவும் தாங்களே தொடங்கிய சொந்த லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்). விற்றது சுமார் 16,000.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உறையில் இருக்கும் ஒரு விவரம். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), மேலே கிட்டார் சேர்த்துப் பதிந்தார்களா இல்லையா என்று அச்சிட்டிருப்பார்கள். 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக், எதுவும் சேர்க்கவில்லை. மற்ற மூன்றும் முதல் டேக், கூடுதல் கிட்டார் உண்டு. இசைத்தட்டு என்பது ஏதோ எட்டாத இடத்தில் நடக்கும் மாயம் என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு அந்தச் சில வரிகள் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டியது மாதிரி இருந்தது. இப்படித்தான் செய்தோம், நீயும் செய்யலாம்.

வெளிவந்த கொஞ்ச நாளிலேயே டெவோட்டோ விலகிவிட்டார். அதற்கப்புறம் ஷெல்லி பாடிய பாட்டுகள்தான் மெட்டில் உயர்ந்தவை, அதை நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் டெவோட்டோ அந்த எரிச்சல் குரலில் சொற்களை இழுத்து இழுத்து எறிவது இந்த நான்கு பாட்டில் இருக்கிற மாதிரி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

2018 டிசம்பரில் ஷெல்லி இறந்த செய்தி வந்தது. அன்று இரவு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஆம்ப்ளிஃபையர் போடாமல் கிட்டாரை மடியில் வைத்து அந்த இரண்டு சுரத்தையும் வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.